குடியாத்தத்து மகள் அனிமேஷன் படிக்கப் போகிறாள்: கல்லூரி, கம்ப்யூட்டர், ரீல்

கேள்வி இது: மகள் குடியாத்தம் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ வணிகவியல் பிரிவு முடித்திருக்கிறாள். கை நன்றாக வரையும். அனிமேஷன்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். வேலூர்ப் பக்கமே மூன்று வருடப் பட்டத்தில் சேர்ப்பதா, சென்னைக்கு அனுப்பி ஒரு வருட டிப்ளமா படிக்க வைப்பதா? என்ன கம்ப்யூட்டர் வாங்குவது? கடைசியில் வேலை கிடைக்குமா?

பட்டப்படிப்பிலேயே சேருங்கள். ஆனால் பட்டம் வேலை வாங்கித் தரும் என்ற கணக்கில் சேர்க்க வேண்டாம். ஸ்டூடியோவில் ஆள் எடுப்பவர் முதலில் பார்ப்பது ஒன்றரை நிமிட வீடியோ ஒன்றைத்தான். தொழிலில் அதற்கு ரீல் என்று பெயர். விண்ணப்பிப்பவர் செய்ததிலேயே சிறந்த நாலைந்து ஷாட்டுகளைக் கோத்து வைத்தது. முதல் பதினைந்து நொடியில் பிடித்துப்போகவில்லை என்றால் மதிப்பெண் பட்டியலை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். பிறகு பட்டம் எதற்கு என்றால், அது தருவது காலம். மென்பொருளில் எந்தப் பட்டன் எங்கே என்பதை ஆறு மாதத்தில் கற்றுவிடலாம். மூட்டை தூக்குகிறவரின் இடுப்பு எந்தக் கணத்தில் இறங்குகிறது, படியேறும் பாட்டிக்கு எந்தத் தோள் முதலில் எழுகிறது என்று கண் பழக இரண்டு வருடமாவது வேண்டும். ஒரு வருட டிப்ளமாவில் முதலாவது நடந்துவிடும், இரண்டாவதற்கு நேரம் இருக்காது.

பட்டத்துக்கு வேறு பயன்களும் உண்டு. மேற்படிப்பு, வெளிநாட்டு வேலை விசா, பல அரசுத் தேர்வுகள் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் அது கேட்கப்படும். உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1000 வரும், 2022 செப்டம்பரிலிருந்து நடக்கிற திட்டம் அது. அங்கீகாரம் இல்லாத தனியார் மையத்தின் சான்றிதழ் படிப்புக்கு அது கிடைக்காது. மூன்று வருடத்துக்குக் கணக்குப் போட்டால் ரூ.36,000. கீழே சொல்லப்போகும் பேனா டேப்லெட்டும் கூடுதல் மெமரியும் அதிலேயே அடங்கிவிடும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரப் பலகையில் இருக்கும் படிப்பின் பெயரை நம்பாதீர்கள். அனிமேஷன், மல்டிமீடியா, விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) என்று பெயர் எதுவாகவும் இருக்கலாம். ஆறு செமஸ்டர் பாடத்திட்டத்தையும் வாங்கிப் படித்துப் பாருங்கள். விஸ்காம் பாடத்திட்டங்களில் விளம்பரம், பத்திரிகை, புகைப்படம், குறும்படம் எல்லாம் சேர்ந்தே வரும். அனிமேஷனுக்கு இரண்டு மூன்று தாள்தான் ஒதுக்கியிருப்பார்கள். அதனால் அது மோசமான படிப்பு ஆகிவிடாது. கேமராவும் எடிட்டிங்கும் தெரிந்த அனிமேட்டருக்கு மதிப்பு அதிகம். ஆனால் மீதியை வீட்டில் தானே கற்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தே சேர வேண்டும். இந்தப் பக்கத்துக் கலைக் கல்லூரிகள் பல, சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ளும் என்பதால், ஒரே பெயருள்ள பட்டம் இரண்டு கல்லூரிகளில் இரண்டு விதமாக இருக்கும்.

சேர்க்கைக்கு முன் ஒரு வேலைநாளில் நேரில் போய் லேபைப் பாருங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர், ஓடுகிற கம்ப்யூட்டர் எத்தனை, வகுப்பு முடிந்த பிறகு மாலை எத்தனை மணி வரை லேப் திறந்திருக்கும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் முக்கியம். நாலு மணிக்குப் பூட்டப்படும் லேபில் அனிமேஷன் கற்க முடியாது. கிராஃபிக்ஸ் கார்டு தனியாக இருக்கிறதா என்றும், போன வருட மாணவர்களின் ரீலைக் காட்ட முடியுமா என்றும் கேளுங்கள். வேலைவாய்ப்புப் பட்டியலைக் காட்டினால் வாங்கிப் பாருங்கள். ஆனால் பட்டியலில் உள்ள நிறுவனப் பெயரை விட அவர்கள் அங்கே என்ன வேலை பார்க்கிறார்கள் என்பதைக் கேட்டுக்கொள்வது நல்லது. பாடம் எடுப்பவர் ஒருவராவது ஸ்டூடியோவில் ஷாட் முடித்துக் கொடுத்தவராக இருக்க வேண்டும்.

கடைத்தெருவில் மாடியில் இயங்கும் சில பயிற்சி மையங்கள் 'டிப்ளமாவோடு டிகிரியும் சேர்த்து' என்று சொல்லும். அந்த டிகிரி எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்பாக இருக்கும். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகம், அந்தப் படிப்பு, அந்தக் கல்வியாண்டு மூன்றும் சேர்ந்து இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம். ஒன்று இல்லாவிட்டாலும் பட்டம் செல்லாமல் போகலாம்.

வெளியூர் போக வீட்டில் சம்மதம் என்றால் தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷனுக்கும் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கும் நான்கு வருடப் பட்டம் இருக்கிறது, அரசுக் கட்டணம். ஆமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடியின் நுழைவுத் தேர்வையும், வடிவமைப்புப் பட்டத்துக்கு ஐஐடி பம்பாய் நடத்தும் யூசீட் தேர்வையும் எந்தப் பிரிவில் படித்தவரும் எழுதலாம். ஆனால் என்ஐடி, யூசீட் இரண்டுக்கும் பிளஸ் டூ படிக்கும்போதே விண்ணப்பித்தால்தான் வருடம் வீணாகாது. வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால் இப்போதே காதில் போட்டு வையுங்கள்.

இனி படிப்பு. முதல் வருடம் முழுக்கப் பென்சில்தான் முக்கியம் என்பதை எந்தக் கல்லூரியும் அழுத்திச் சொல்வதில்லை, பிள்ளைகளும் கேட்பதில்லை. 'படம் நன்றாக வரும்' என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஃபோட்டோவைப் பார்த்து நிழல் தீட்டி, நடிகர் முகத்தை அச்சாக வரைவதைத்தான். அந்தத் திறமை இங்கே அவ்வளவாக உதவாது. தேவைப்படுவது அசைகிற உடம்பை முப்பது நொடியில் ஏழெட்டுக் கோட்டில் பிடிக்கிற கை. ஏ4 தாள் ஒரு கட்டு, 2பி பென்சில், ரப்பர் வேண்டாம். தினமும் முப்பது நொடிப் படம் இருபது, இரண்டு நிமிடப் படம் ஐந்து. மொத்தம் இருபது நிமிட வேலை. குடியாத்தம்–வேலூர் பேருந்திலேயே பாதி முடிந்துவிடும். கண், மூக்கு, சட்டைப் பொத்தானெல்லாம் வேண்டியதில்லை. முதுகுத்தண்டின் வளைவு, இடுப்பின் சாய்வு, எடை எந்தக் காலில் நிற்கிறது, இந்த மூன்று மட்டும் தாளில் வந்தால் போதும்.

பார்த்து வரைய வட ஆர்க்காட்டுக்காரர்களுக்குக் கிடைத்திருக்கிற பொருள் மற்றவர்களுக்குக் கிடைக்காது. பங்குனி, சித்திரை, வைகாசியில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது ஒரு இரவு போய் உட்காரச் சொல்லுங்கள். இரவில், தூரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் இது துரியோதனன், இது அர்ச்சுனன் என்று புரிய வேண்டும் என்பதற்காகவே கிரீடமும் புஜக்கட்டைகளும் உருவத்தை விரித்துக் காட்டுகின்றன. உருவத்தை முழுக் கறுப்பாக்கினாலும் என்ன செய்கிறான் என்று தெரிய வேண்டும் என்று அனிமேஷன் வகுப்பில் சொல்வார்கள். அது இங்கே கண் முன்னால் ஆடும். திரைக்குப் பின்னால் நின்று பாடி, திரை விலகி வெளியே வரும் வேஷத்தைப் பார்த்தால் ஒரு பாத்திரத்தை எப்படி அறிமுகப்படுத்துவது என்பது பிடிபடும். சுழன்று ஆடுவதற்கு முன் கூத்தாடி எதிர்ப்பக்கம் சற்றே திரும்பி உடலைத் தாழ்த்துகிறாரா என்று கவனிக்கட்டும். 1981ல் டிஸ்னியின் இரண்டு மூத்த அனிமேட்டர்கள் தொகுத்து எழுதிய பன்னிரண்டு விதிகளில் ஒன்று அந்த முன்னசைவு. திருவிழா முடிவில், துரியோதனன் வீழ்வதைக் காட்டும் படுகளத்தில் மண்ணால் கிடத்தியிருக்கும் அவன் உருவத்தைக் கால் பக்கம் உட்கார்ந்து ஒரு படம், தலைப் பக்கம் உட்கார்ந்து ஒரு படம். அருகில் இருப்பது பெரிதாகவும் தூரத்தில் இருப்பது சுருங்கியும் தெரிவதை வரையப் பழக அதைவிடப் பெரிய மாடல் கிடைக்காது.

தை, மாசியில் எருது விடும் விழா. தடுப்புக்கு வெளியே, முடிந்தால் ஏதாவது மாடியில் நின்று, ஃபோனில் ஸ்லோமோஷன் வைத்துப் பக்கவாட்டில் எடுக்க வேண்டும். ஒரு பாய்ச்சல் அரை நொடிக்குள் முடிந்துவிடும். படக் கணக்கில் பத்துப் பன்னிரண்டு ஃப்ரேம், அதாவது அசைவில்லாத தனிப்படம்; நொடிக்கு 24. நான்கு கால்களும் தரையை விட்டிருக்கும் கணத்தில் அவை நீண்டிருக்கின்றனவா, வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கின்றனவா? ஓவியர்கள் ஓடும் குதிரையைக் காலை நீட்டிப் பறப்பதாகவே காலங்காலமாக வரைந்து வந்தார்கள். 1878ல் மைபிரிட்ஜ் அடுத்தடுத்து எடுத்த புகைப்படங்களில்தான் கால் மடங்கியிருக்கும்போதே குதிரை தரையை விடுகிறது என்று தெரிந்தது. எருதுக்கு எப்படி என்பதை அவள் தன் வீடியோவிலிருந்தே சொல்ல வேண்டும்.

ஃபோனில் எடுத்த எந்த வீடியோவையும் அப்படியே மென்பொருளில் போடக் கூடாது. சாதாரண வீடியோவை ஃபோன்கள் பெரும்பாலும் நொடிக்கு 30 ஃப்ரேமில் எடுக்கும், அதுவும் சீராக இருக்காது. வெளிச்சத்தைப் பொறுத்து கூடிக் குறையும். அனிமேஷன் நடப்பது நொடிக்கு 24ல். மாற்றாமல் வைத்துப் பார்த்து வரைந்தால் ஐந்தாவது நொடியில் வீடியோவில் கால் ஊன்றும் ஃப்ரேமும் தன் ஷாட்டில் கால் ஊன்றும் ஃப்ரேமும் விலகி நிற்கும், எங்கே தவறு என்றே தெரியாது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 24, கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட் என்று வைத்து மாற்றிவிட்டுப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை வராது.

பயிற்சிகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது. உலகம் முழுக்க அதே வரிசைதான். பந்து, ஊசல், வால் உள்ள பந்து, மாவு மூட்டை, நடை, எடை தூக்குதல், பிறகு நடிப்பு. பந்தை இரண்டு வாரத்தில் முடித்துவிட்டோம் என்று தாண்டுகிறவர்கள் மூன்றாம் வருடத்தில் அதற்கே திரும்பி வருவார்கள். பந்து குதிப்பதில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று. மென்பொருள் இரண்டு கீக்களுக்கு (நாம் நிலையைக் குறித்து வைக்கும் ஃப்ரேம்களுக்கு) இடையே தானாகவே வழவழப்பான வளைவு போட்டுக் கொடுக்கும். அதனால் பந்து தரையைத் தொடும் இடத்திலும் வேகம் குறைந்து, மெத்தையில் இறங்குவதுபோல் தெரியும். நிஜத்தில் தரையைத் தொடும்போதுதான் வேகம் உச்சம். மேலே உச்சியில்தான் குறையும். அசைவை வளைகோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் தரைப் புள்ளியின் இரண்டு கைப்பிடிகளையும் உடைத்து வி வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் அந்தப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து 'வி' விசையை அழுத்தி வெக்டர் என்று கொடுத்தால் போதும். பிறகு அதே பந்தை டென்னிஸ் பந்தாக, இரும்புக் குண்டாக, பலூனாக மூன்று முறை செய்யட்டும். நிறமும் வடிவமும் மாறக் கூடாது. குதிக்கும் உயரமும் நேரமும் மட்டுமே மாற வேண்டும். பார்க்கிறவர் எது எது என்று சொல்லிவிட்டால் அடுத்த பயிற்சிக்குப் போகலாம்.

நடையில் சாதாரண வேகத்துக்கு ஒரு காலடிக்கு 12 ஃப்ரேம். 1ல் குதிகால் ஊன்றல், 4ல் உடல் தாழ்தல், 7ல் கால் கடத்தல், 10ல் உடல் எழும்பல், 13ல் மறு கால் ஊன்றல். 25ஆவது ஃப்ரேம் 1ன் நகல். ஆனால் திரும்பத் திரும்ப ஓட்டும்போது 24 வரைதான் ஓட்ட வேண்டும். 25ஐயும் சேர்த்தால் ஒரே படம் இரண்டு முறை வந்து ஒவ்வொரு சுற்றிலும் சின்னத் தடுக்கல் தெரியும். கால் முழுதாக நீண்டுவிட்டால் முழங்கால் ஒரு ஃப்ரேமில் 'டக்' என்று வெட்டும். இடுப்பைக் கொஞ்சம் இறக்கி முழங்காலில் எப்போதும் சிறிது மடிப்பு விட்டு வைப்பதே மருந்து. இரண்டு கையும் ஒரே ஃப்ரேமில் ஒரே நிலையில் நின்றால் பொம்மைத்தனம் வரும். எல்லாக் கண்ட்ரோலுக்கும் (உடல் பாகங்களை அசைக்கும் பிடிகளுக்கும்) ஒரே ஃப்ரேமில் கீ போட்டுச் சம இடைவெளியில் நகர்த்தினால் தண்ணீரில் மிதப்பதுபோல் ஆகிவிடும். இடுப்பு முதலில், மார்பு இரண்டு ஃப்ரேம் தள்ளி, தலை அதற்குப் பின், கை கடைசியில் என்று விலக்கி வைக்க வேண்டும். எடைக்கு வேலூர் லாங் பஜாரில் மூட்டை இறக்குகிறவர்களை அனுமதி கேட்டு எடுத்த வீடியோ, இணையத்தில் கிடைக்கும் எந்த வெளிநாட்டு வீடியோவையும் விட நல்லது. மூட்டை தோளில் விழுந்ததும் அவர் உடனே நடப்பதில்லை. ஒரு கணம் தாழ்ந்து, காலை அகட்டி நின்று, பிறகுதான் நடக்கிறார். அந்த ஒரு கணத்தை விட்டுவிட்டால் மூட்டைக்குள் பஞ்சுதான் இருக்கிறது என்று தோன்றும்.

பேச்சுக்கு வாயசைவு செய்யும்போது பாடப்புத்தகத்தில் ஆங்கில வாய் வடிவங்களின் அட்டவணை இருக்கும். தமிழுக்கு அதை அப்படியே எடுக்க வேண்டாம். ண, ள, ழ எல்லாம் உள்ளே நாக்கு செய்யும் வேலை. உதட்டில் பெரிதாக ஒன்றும் தெரியாது. கண்ணுக்குத் தெரிவது ப, ம வரும்போது உதடு மூடுவது, வ வரும்போது மேல்பல் கீழுதட்டருகே வருவது, உ, ஓவுக்குக் குவிவது, ஆவுக்குத் தாடை இறங்குவது. 'அப்பா'வில் உதடு மூடியே இருக்கும் நேரம் நீளம். மூன்று நாலு ஃப்ரேம்கூடப் போகும். எந்த மூடலும் இரண்டு ஃப்ரேமுக்குக் குறையக் கூடாது, குறைந்தால் கண் பிடிக்காது. வாய் ஒலிக்கு ஒன்றிரண்டு ஃப்ரேம் முந்தியிருந்தால் சரியாகத் தெரியும், பிந்தினால் டப்பிங் படம். பயிற்சிக்கு யூடியூபில் ஹாலிவுட் வசனத்தை இறக்கி எடுப்பதற்குப் பதிலாக, 'இன்னாமே பண்ணிகினு கீற, சாப்டியா இல்லியா?' என்று வீட்டிலேயே ஒரு வரி பதிவு செய்யட்டும். எல்லோருடைய ரீலிலும் அதே நாலு ஹாலிவுட் வசனங்கள் கேட்டுக் கேட்டு ஆள் எடுப்பவர்களுக்குச் சலித்துப்போயிருக்கிறது. புருவம், கண், தலையசைவு சரியாக இருந்தால் வாயில் உள்ள பாதிக் குறை மறைந்துவிடும். அதனால் வாயைக் கடைசியில் செய்வதே வழக்கம்.

இரண்டாம் வருடத்தின் முடிவுக்குள் ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாத்திரத்தை அசைப்பவர், மாடல் செய்பவர், அதற்கு எலும்பும் கண்ட்ரோலும் வைக்கும் ரிக்கர், ஒளியமைப்பவர், பல அடுக்குகளை ஒன்றாக்கும் கம்பாசிட்டர், தீயும் புகையும் தண்ணீரும் செய்யும் எஃப்எக்ஸ்காரர், ஸ்டோரிபோர்டு வரைபவர், மோஷன் கிராஃபிக்ஸ் செய்பவர் எல்லோரும் வேறு வேறு ஆட்கள். எல்லாம் தெரியும் என்று காட்டும் ரீல் பெரிய ஸ்டூடியோவில் எடுபடாது. சின்ன விளம்பர நிறுவனத்திலும் யூடியூப் சேனலிலும் எடுபடும். வரைவதில் ஆர்வமுள்ள உங்கள் மகள் ஸ்டோரிபோர்டு, 2டி, பாத்திர அனிமேஷன் மூன்றையும் முதலில் முயலட்டும். கணக்கும் பொறுமையும் பிடிக்கும் என்றால் ரிக்கிங், எஃப்எக்ஸ், போட்டி குறைவு.

மென்பொருளுக்குப் பணம் கொடுக்கவே வேண்டியதில்லை. பிளெண்டர் முழுக்க இலவசம். 2டிக்கு கிரிட்டா, ஓபன்டூன்ஸ். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு. ஸ்டூடியோக்களில் ஓடும் மாயா என்ற 3டி மென்பொருளை மாணவர் அடையாளம் காட்டினால் ஒரு வருடத்துக்கு இலவசமாகத் தருகிறார்கள். படிக்கும்வரை ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம், ஆனால் காசு வாங்கும் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. கம்பாசிட்டிங்குக்கான நியூக், எஃப்எக்ஸுக்கான ஹூடினி இரண்டுக்கும் கற்பதற்கான இலவசப் பதிப்பு உண்டு. இவ்வளவு இருக்கும்போது பென்டிரைவில் கைமாறும் கிராக் பதிப்பை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்ற எந்தக் காரணமும் இல்லை. மூன்று வருட வேலையை ஒரு ரான்சம்வேர் ஒரே இரவில் பூட்டிவிடும்.

கம்ப்யூட்டரை முதல் செமஸ்டரில் வாங்காதீர்கள். பென்சில் வேலைக்கும் பந்துக்கும் லேப் போதும். என்ன பிரிவு என்று கொஞ்சம் தெளிந்த பிறகு வாங்கினால் காசு வீணாகாது. முதலில் வாங்க வேண்டியது திரை இல்லாத பேனா டேப்லெட், மூவாயிரம் நாலாயிரம் ரூபாயில். வீட்டிலிருந்து போய்வருகிறாள் என்றால் டெஸ்க்டாப்தான் லாபம்: அதே விலைக்குக் கூடுதல் வேகம், சூடு குறைவு, பிறகு பாகம் மாற்றலாம். 8 கோர் பிராசசர், 16 ஜிபி மெமரி போட்டு 32க்கு இடம் விட்டு வையுங்கள், 8 ஜிபி நினைவகமுள்ள என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு, 1 டிபி என்விஎம்இ (வேகமான சேமிப்பகம்). கேபினெட்டில் கண்ணாடியும் விளக்கும் வேண்டாம், முன்பக்கம் வலையும் இரண்டு ஃபேனும் இருக்கட்டும். வேலூர் வெயில் சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும். அறையே அப்படி இருக்கும்போது கார்டு சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இரவில் நாலு நிமிடம் எடுக்கும் ஃப்ரேம் பகலில் ஐந்து நிமிடம் எடுக்கும். செய்த காட்சியைக் கம்ப்யூட்டர் இறுதிப் படங்களாக மாற்றும் ரெண்டர் வேலையை இரவில் போடுவது அதனால்தான். லேப்டாப் வாங்கினால் அதை மெத்தைமேல் வைத்து ரெண்டர் போடக் கூடாது.

யுபிஎஸ் வாங்கும்போது கடையில் பொதுவாக 600 விஏ கொடுப்பார்கள். அது தாங்குவது சுமார் 360 வாட். ரெண்டர் ஓடும்போது கார்டு, பிராசசர், மானிட்டர் சேர்ந்து அதைத் தாண்டிவிடும். மின்சாரம் போன அதே நொடியில் யுபிஎஸ்ஸும் அணைந்துவிடும். 1000 விஏவுக்குக் குறையாமல் கேளுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் இணைப்பதென்றால் சைன்வேவ் வகையாக இருக்க வேண்டும்.

மின்வெட்டுக்கு இன்னொரு முன்னெச்சரிக்கை: ஒருபோதும் நேராக எம்பி4 கோப்பாக ரெண்டர் போடக் கூடாது. பாதியில் நின்றால் அதுவரை ஓடியதும் சேர்ந்து போய்விடும். ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனி பிஎன்ஜி அல்லது ஈஎக்ஸ்ஆர் படமாக எழுதவிட்டால் நின்ற இடத்திலிருந்து தொடரலாம். ரெண்டர் நேரத்தை முன்கூட்டியே கணக்குப் போடப் பழக வேண்டும். பத்து நொடி ஷாட் என்றால் 240 ஃப்ரேம். ஒன்றுக்கு நாலு நிமிடம் என்றால் 16 மணி நேரம். பிளெண்டரின் சைக்கிள்ஸ் என்ற ரெண்டர் முறையில் சாம்பிள் எண்ணிக்கை (ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளியை எத்தனை முறை கணக்கிடுவது என்பது) தொடக்கத்தில் 4096 என்று இருக்கும்; அதை 200, 300க்கு இறக்கி, புள்ளிப்புள்ளியான கறையை நீக்கும் டீநாய்ஸ் வைத்தால் நேரம் பெரிதும் குறையும். ரொம்பவும் இறக்கினால் நிற்கும் படத்தில் தெரியாத குறை ஓடும் படத்தில் சுவரெல்லாம் புழு நெளிவதுபோல் தெரியும். அதனால் முழு ரெண்டருக்கு முன் பத்து ஃப்ரேம் தொடர்ச்சியாகப் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும், ஒரே ஃப்ரேமைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வீட்டில் செய்த ஃபைலைக் கல்லூரியில் திறந்ததும் எல்லாம் ஊதாச் சிவப்பாகத் தெரிந்தால் டெக்ஸ்ச்சர் (பொருள்களின் மேல் ஒட்டும்) படங்களின் பாதை அறுந்திருக்கிறது என்று பொருள். பிளெண்டரில் பாதைகளை ரிலேட்டிவ் ஆக்கி, முழு ஃபோல்டரையும் சேர்த்துத் தூக்கிப்போக வேண்டும். ஃபைல் பெயரில் 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு' எல்லாம் கூடாது. ஷாட் எண், வேலை, பதிப்பு எண், அவ்வளவுதான். ஸ்டூடியோவில் முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள்.

மூன்றாம் வருடக் குறும்படத்தில்தான் பெரும்பாலோர் கவிழ்வது. ஐந்து பேர் சேர்ந்து ஐந்து நிமிடப் படம் என்று தொடங்குவார்கள். ஐந்து நிமிடம் என்றால் 7200 ஃப்ரேம். பழகிய அனிமேட்டர்களே பெரிய படங்களில் வாரத்துக்குச் சில நொடிகள்தான் முடிக்கிறார்கள். செமஸ்டர் தேர்வு, பதிவேடு, திருவிழா எல்லாம் கழித்து ஒரு மாணவருக்கு வாரத்தில் இரண்டு நொடி என்பதே தாராளம். நாற்பதிலிருந்து அறுபது நொடி போதும். ஒரே இடம், இரண்டு பாத்திரம். புடவை, விரித்த கூந்தல், தண்ணீர், கூட்டம் நான்கையும் தவிர்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் தனிப் பிரிவு வேலை, அசைவைக் கம்ப்யூட்டரே கணக்கிடும் சிமுலேஷனிலேயே மாதம் போய்விடும். ஷாட்டுகளைப் பென்சிலில் வரைந்து, ஒலியோடு ஒட்டி, முழு நீளத்துக்கு ஓட்டிப் பார்த்து, நாலு பேருக்குக் கதை புரிந்த பிறகே 3டியைத் தொட வேண்டும். யார் எந்த ஷாட், யார் மாடல், யார் ஒளி என்று முதல் வாரமே எழுதி வைத்துக்கொள்ளட்டும். கடைசியில் ஐந்து பேரின் ரீலிலும் அதே படம் வரும்போது இந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

ரீல் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஒரு நிமிடம் இருந்தாலே நல்லது. தொடக்கத்தில் பெயர், எந்தப் பிரிவு, மின்னஞ்சல், மூன்று நொடி. சுழலும் லோகோ வேண்டாம். சிறந்த ஷாட் முதலில், இரண்டாவது சிறந்தது கடைசியில், சந்தேகமானது எங்கேயும் வேண்டாம். ஒவ்வொரு ஷாட்டின் கீழும் தான் செய்தது என்ன என்று சின்னதாக எழுத வேண்டும். இலவச ரிக் பயன்படுத்தியிருந்தால் அதைச் செய்தவர் பெயரோடு. பாடம் சொல்லித்தரும் வீடியோவைப் பார்த்து அப்படியே செய்த டோனட்டையும், ஆயத்த அசைவுகள் தரும் மிக்சமோ தளத்திலிருந்து எடுத்த நடனத்தையும் பார்த்த நொடியே அடையாளம் கண்டுகொள்வார்கள். மீதி ஷாட்டுகளின் மேலும் சந்தேகம் விழும். ரீல் பிடித்தால் வீட்டிலிருந்தே செய்து தரச் சொல்லி ஒரு சோதனை ஷாட் வரும். அதில் அழகைவிடச் சொன்ன தேதியில் தருகிறாரா, திருத்தம் சொன்னால் அதை மட்டும் திருத்துகிறாரா என்று பார்ப்பவர்கள் அதிகம்.

வேலை விஷயம். வேலூரில் ஸ்டூடியோ வேலை என்று எண்ணிச் சொல்லும்படி இல்லை. காட்பாடியிலிருந்து இரண்டு மணி நேரத்தில் இருக்கும் சென்னையும், அடுத்து பெங்களூரும்தான் சந்தை. டிநெக் போன்ற பன்னாட்டு ஸ்டூடியோவும், ஃபாண்டம் எஃப்எக்ஸ் போன்ற உள்ளூர் ஸ்டூடியோக்களும் சென்னையில் இருக்கின்றன. புதியவர்கள் பலர் உள்ளே நுழையும் வாசல் ரோட்டோ, பெயிண்ட், மேட்ச்மூவ்: நடிகரின் ஓரத்தை ஃப்ரேம் ஃப்ரேமாக வெட்டுவது, கயிற்றை அழிப்பது, கேமராவின் அசைவைப் பிடிப்பது. சம்பளம் தொடக்கத்தில் குறைவு, நேரம் நீளும், இரவு ஷிஃப்டும் உண்டு. ஏஐ கருவிகள் முதலில் கைவைத்திருப்பதும் இந்த வெட்டும் அழிக்கும் வேலையில்தான். அதனால் இதை நுழைவாசலாக எடுத்துக்கொள்ளலாம், இதற்கென்று மட்டும் படிக்கக் கூடாது. ரோட்டோ செய்துகொண்டே கம்பாசிட்டிங் கற்பவர் மேலே போவார்.

இந்தத் துறை நிலையானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு படத்தின் விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர் விருது வந்த அதே 2013 பிப்ரவரியில் அந்தப் படத்தில் வேலை செய்த ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம் திவாலானது. 2025 பிப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரிலும் மும்பையிலும் இருந்த அதன் ஸ்டூடியோக்கள் பூட்டப்பட்டு ஏராளமானோர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். ஆகவே சினிமாவை மட்டும் பார்க்காமல் விளம்பரம், விளையாட்டு, மருத்துவப் பயிற்சி வீடியோ, கட்டிடக் காட்சி, பள்ளிப் பாட வீடியோ ஆகியவற்றையும் கண்ணில் வைத்திருக்கட்டும். மருத்துவமனைகளும் கல்லூரிகளும் நிறைந்த வேலூரில், இதயம் இயங்குவதை நாற்பது நொடியில் சரியாகக் காட்டத் தெரிந்த ஒருவருக்குத் தனி வேலைகள் வர வாய்ப்பு உண்டு. அதற்கு உடற்கூறு பற்றிக் கொஞ்சம் படிக்க வேண்டும், மருத்துவர் சொல்லும் திருத்தத்தைப் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

கல்லூரி திறக்க இன்னும் சில வாரம் இருக்குமே, அதற்குள் செய்ய வேண்டியவை இவை. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்று மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். அவள் பெயரில் வங்கிக் கணக்கும் அதோடு ஆதார் இணைப்பும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். புதுமைப் பெண் பணம் நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மகளுக்கு இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள், நூறு தாள் இருக்கும். ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு பந்தை வரைந்து, விரலால் சரசரவென்று புரட்டிப் பார்த்து, அது எங்கே வேகமாகவும் எங்கே மெதுவாகவும் போகிறது என்று திருத்தித் திருத்தி வரையட்டும். நொடிக்கு 12 படம் என்று வைத்தால் நூறு தாளில் எட்டு நொடி வரும்.